காதில் சொல்ல ஓர் ஆள்

மழை விட்டுச் சேர்ந்தாற்போல் வெயில் காய்கிற நாளாகப் பார்த்து, சவரியம்மா தன்னுடைய சாவுச் சாமான்களை வெளியே எடுத்துக் காயப்போடுவாள். வருஷத்துக்கு ஒரு தடவை செய்கிற வேலை. பெரும்பாலும் பிப்ரவரியில் வரும். கேமரன் மலையில் பெட்டிக்குள் வைத்த துணி சும்மா இருக்காது. மேலே பூஞ்சணம் பூக்கும், மடிப்பில் மஞ்சள் ஏறும், தகரத்தின் துரு அடித்துணியில் படம் வரையும். கொழுந்து வேலை இல்லாத ஞாயிறு ஒன்றில், காலைக் கஞ்சி ஆனதும் கட்டிலுக்கு அடியிலிருந்து பெட்டியை இழுப்பாள். ஒவ்வொன்றாக உதறி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் கட்டியிருக்கும் கம்பிக்கொடியில் போடுவாள்.

வெள்ளைச் சேலை ஒன்று, அதற்கேற்ற ரவிக்கை. மேசையில் விரிக்க ஒரு வெள்ளைத் துண்டு. கடைசி நேரத்தில் சாமியார் வந்தால் நெற்றியில் பூசுகிற எண்ணெய்க் குப்பியை அழுக்கு மேசையில் வைக்க முடியாதல்லவா, அதற்காக. கறுப்பு மரச் சிலுவையில் ஒரு பாடுபட்ட சுரூபம். கொஞ்சம் பஞ்சு. இருமல் மருந்து வந்த போத்தலில் தீர்த்தம். மந்திரித்த மெழுகுவர்த்தி ஒன்று. மெழுகுவர்த்தியை மட்டும் வெயிலில் வைக்காமல் நிழலில் உட்கார்ந்து துணியால் துடைப்பாள். உயிர் பிரியும்போது அதைத்தான் கொளுத்திக் கையில் பிடிக்க வைக்க வேண்டும்.

லயத்துப் பெண்களுக்கு இது வருஷா வருஷம் வருகிற வேடிக்கை. சவரியம்மா கல்யாணச் சீரைக் காயப்போட்டாச்சு, மாப்பிள்ளையைத்தான் இன்னும் காணோம் என்று குழாயடியில் ருக்குமணி சொல்வாள். வருவான்டி, வரும்போது உன் வீட்டையும் எட்டிப் பாத்துட்டுத்தான் போவான் என்று சவரியம்மா சொன்னதும் சிரிப்பு அடங்கிவிடும். ஒரு வருஷம் தோட்டத்துத் தச்சன் வேலப்பனைக் கூப்பிட்டு, சவப்பெட்டிக்கு அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கதவுச் சட்டத்தில் நிமிர்ந்து நின்றும் காட்டினாள். நடமாடுற ஆளுக்கு அளவெடுக்கிற கை எனக்கு இல்லை அக்கா என்று அவன் அளவு நாடாவைச் சுருட்டிக்கொண்டு ஓடியே போனான்.

இதையெல்லாம் பார்த்தவர்கள் அவளைத் தைரியசாலி என்று நினைத்தார்கள். சாவைச் சட்டை செய்யாத பொம்பளை என்று பேர். உண்மை வேறு. அந்த லயத்தில் சாவுக்கு அவளைப்போலப் பயந்தவர்கள் யாருமில்லை. பாம்புக்குப் பயந்தவள் நாலு பக்கமும் கம்பால் தட்டிக்கொண்டு நடப்பதில்லையா, அந்த மாதிரிதான் அவள் பெட்டியைத் தட்டித் தட்டி வைத்துக்கொண்டிருந்தாள்.

ஒரு காலத்தில் தோட்டத்தின் அந்த டிவிசனில் வேதக்காரக் கிறிஸ்தவக் குடும்பங்கள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. தகரக் கூரை போட்ட சின்னக் கோயில் ஒன்று இருந்தது. தாப்பாவிலிருந்து மாதம் ஒரு ஞாயிறு சாமியார் மேலே வருவார். மற்ற நாளெல்லாம் ஜெபம் நடத்துவது உபதேசியார்தான். யாருக்காவது முடியாமல் போனால் அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து, காதோடு வாயை வைத்து, உயிர் அடங்குகிறவரை சேசு மரி சூசை என்று திருக்குடும்பத்தின் மூன்று பேரையும் சொல்லிக்கொண்டிருப்பார். பார்வை போன பிறகும் காது மட்டும் கடைசி மூச்சுவரை விழித்திருக்கும் என்பார்கள். அந்த நேரத்தில் காதுக்குள் எந்தப் பேர் போகிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் ஆத்துமம் கரையேறும் என்பது சவரியம்மா சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்தது.

அறுபத்தொன்பது எழுபதில், குடியுரிமை இல்லாமல் சிவப்புக் கார்டு வைத்திருந்தவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்று சட்டம் வந்தது. கிடைக்காதவர்கள் சட்டி பானையைக் கட்டிக்கொண்டு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். உபதேசியாரும் போனார். பிறகு காதில் சொல்கிற வேலை சவரியம்மாவிடம் வந்தது. கேட்டு வாங்கியதல்ல. சத்தமாக ஜெபம் சொல்லத் தெரிந்தவள் வேறு யாரும் மிச்சமில்லை, அவ்வளவுதான். இரண்டு கிழவர்களுக்கும், பிள்ளை பெற்ற காய்ச்சலில் போன ஒருத்திக்கும், மேல் லயத்துச் சவரிமுத்துவின் தாயாருக்கும் அவள்தான் சொன்னாள். சொல்லும்போதெல்லாம் கையை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொள்வாள். முகம் மட்டும் கல்லாக இருக்கும். அதைப் பார்த்துத்தான் அந்தத் தைரியசாலிப் பேர் வந்தது.

ஊராருக்கெல்லாம் சொன்னவளுக்குத் தன் புருஷனுக்குச் சொல்ல வாய்க்கவில்லை.

சூசை, தேயிலை ஆலையில் விறகு அடுக்குகிற வேலை பார்த்தவன். நல்ல மனுஷன், ஆனால் கோயிலுக்கு வருவதில் சோம்பேறி. பெரிய நாளைக்குக்கூட அவனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டும். சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. எழுபத்திரண்டில் ஒரு நாள் மத்தியானம், விறகுக் கட்டைத் தோளில் வைத்தவன் அப்படியே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். சவரியம்மா அப்போது மேல்மலையில் கத்தரியால் கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தாள். ஆள் வந்து சொல்லி, கத்தரியைப் போட்டுவிட்டுச் சறுக்குப் பாதையில் விழுந்து எழுந்து வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அவன் தலை மணியம்மாவின் மடியில் இருந்தது. நெற்றி நிறையத் திருநீறு இருந்தது.

மணியம்மா அடுத்த வீட்டுக்காரி. ஆலையில் காய்ந்த தேயிலையிலிருந்து குச்சி பொறுக்குகிறவள். கையெட்டும் தூரத்தில் இருந்தவள் அவள்தான், ஓடி வந்தவளும் அவள்தான். பழனிக்குப் போய்வந்த யாரோ கொடுத்த திருநீற்றை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். போகிற உயிருக்கு அவளுக்குத் தெரிந்த ஒரே மருந்து அதுதான். சவரியம்மா கூட்டத்துக்கு நடுவில் மண்டியிட்டு, முந்தானையை எச்சிலால் நனைத்து, நெற்றி சிவக்கிற வரைக்கும் துடைத்தாள். மணியம்மா தலை குனிந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதைப் பற்றி இருவரும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவே இல்லை. இரு வீட்டுக்கும் நடுவில் பலகைச் சுவர். அதுவும் கூரைவரை எட்டாது. இந்தப் பக்கம் கருவாடு வறுத்தால் அந்தப் பக்கம் தும்மல் வரும். பேசாமல் இருக்க முடிகிற வீடுகள் அல்ல அவை. உப்பு, நெருப்பு, வம்பு எல்லாம் பழையபடி சுவரைத் தாண்டிப் போய்வந்தன. திருநீறு மட்டும் தாண்டவில்லை.

அதற்குப் பிறகுதான் சவரியம்மா பெட்டி வாங்கினாள்.

பயம் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. மலைச்சரிவில் வரிசை பிடித்து வெட்டிக்கொண்டு போகையில், ரிங்லெட் பக்கமிருந்து பனிமூட்டம் ஏறி வரும். முதலில் கீழே லயத்துக் கூரை மறையும். பிறகு மேற்பார்வை மண்டோரின் சிவப்புக் குடை மறையும். பிறகு பக்கத்து வரிசையில் வெட்டுகிறவளின் முதுகும் மறையும். கத்தரிச் சத்தம் மட்டும் எங்கிருந்தோ கேட்கும். அப்போது சவரியம்மாவுக்குக் காலடி மண் இளகினாற்போல் இருக்கும். இப்படியே இங்கே விழுந்தால் யார் பார்ப்பார்கள்? பார்த்தவள் என்ன செய்வாள்? முந்தானையில் என்ன முடிந்து வைத்திருப்பாள்? குளிரிலும் வேர்த்து, அவள் சும்மாவாவது பாட்டுப் பாடுவாள். சவரியக்காவுக்கு இன்னிக்குக் குஷி என்று மூட்டத்துக்குள்ளிருந்து யாராவது சிரிப்பார்கள்.

எண்பத்தொன்றில் மேடேறும்போது மூச்சு வாங்கத் தொடங்கியது. தோட்டத்து மருந்துக்கூடத்து டிரசர் குழாயை வைத்துப் பார்த்து, தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். அங்கே இருதயம் வீங்கியிருப்பதாகச் சொன்னார்கள். நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ளக் குட்டி மாத்திரைகள் கொடுத்து, மேடேறக் கூடாது, கவலைப்படக் கூடாது என்றார்கள். இந்த மலையில் மேடேறாமல் குழாயடிக்குக்கூடப் போக முடியாது. மற்றது அதைவிடக் கஷ்டம்.

அடுத்த ஞாயிறு சாமியார் வந்தபோது கோயிலில் அழுது, தனக்கு அவஸ்தை பூச வேண்டும் என்று கேட்டாள். சாமியார் இளவயசுக்காரர், புது மாதிரி. இப்போதெல்லாம் அது சாகிறவர்களுக்கு மட்டும் இல்லையம்மா, நோயாளிக்குத் தெம்புக்காகவும் கொடுக்கிறது என்று சொல்லி, பூசை முடிந்ததும் எல்லார் முன்னாலும் நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசினார். சவரியம்மாவுக்குத் தெம்பு வரவில்லை. பயம்தான் வந்தது. கடைசி எண்ணெய் பூசியவள் எழுந்து நடந்து வீட்டுக்கு வந்து, அடுப்பு மூட்டி, புளிக்குழம்பு வைப்பதாவது? எண்ணெய் பட்ட கையால் மிளகாய் அரைக்கலாமா என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை. இதற்குள் ஒரு பாவம் செய்துவிட்டால் பூசினது கெட்டுப்போகுமா என்று கேட்க நினைத்து, சாமியாரின் ஜீப் தாப்பா பாதையில் திரும்பி மறைகிறவரை நின்றுகொண்டிருந்தாள்.

போகும் முன் சாமியார் ஒன்று சொல்லியிருந்தார். நேரம் வரும்போது நான் கீழே தாப்பாவில் இருப்பேன், ஐம்பது வளைவு தாண்டி வர வேண்டும். பக்கத்தில் இருக்கிறவர் யாரிடமாவது சொல்லி வையுங்கள். நம் வேதத்தில் இல்லாதவர் சொன்னாலும் ஜெபம் ஜெபம்தான்.

மகனிடம்தான் முதலில் கேட்டாள். தங்கராஜு ரிங்லெட்டில் வீடு எடுத்து, காய்கறி லோரி ஓட்டினான். வாரத்தில் பாதி நாள் கோலாலம்பூர் பாதையில் இருப்பான். பெண்டாட்டி ரஞ்சிதம் சைவக் குடும்பம், நல்ல பெண். மாமியாரைக் காண வரும்போது பொட்டைக் கொஞ்சம் சின்னதாக வைத்துக்கொள்வாள். பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் காட்டி, எனக்கு முடியாமல் போனால் நீதான் காதில் சொல்ல வேண்டும் என்றதும் தங்கராஜு எழுந்து வாசலுக்குப் போய் லோரிச் சக்கரத்தை உதைத்துப் பார்த்தான். வரும்போது ஒரு மூட்டை முட்டைக்கோசைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"இந்தப் பேச்சைத் தவிர வேற பேச்சே இல்லையாம்மா உனக்கு? சூசா பண்ணாதலா, கஷ்டப்படுத்தாத. எங்ககூட ரிங்லெட்டுக்கு வந்துடு."

"அங்க வந்தா நீ வீட்டுல இருப்பியா?"

அவன் லோரியைக் கிளப்பிக்கொண்டு போனான். அத்தனை முட்டைக்கோசையும் அவள் லயத்துக்கெல்லாம் பங்கு வைத்துக் கொடுத்தாள்.

ஆக மிச்சம் இருந்தது பலகைச் சுவர்தான். சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரிதான்.

ஒரு சாயங்காலம் மணியம்மா வெற்றிலை கேட்டு வந்தாள். அவளும் தனியாள்தான். பிள்ளை இல்லை. புருஷன் பக்கிரிசாமி குடித்துக் குடித்துப் போய்ச் சேர்ந்து வெகு காலமாகியிருந்தது. சவரியம்மா வெற்றிலையைக் கொடுத்துவிட்டுக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், எனக்குப் பயமா இருக்கு மணி என்றாள். இத்தனை வருஷத்தில் வெளியே சொன்னது அதுதான் முதல் தடவை. மணியம்மா மெல்வதை நிறுத்தினாள்.

விஷயத்தைக் கேட்டதும் அவள் பெரிய வேலையாக நினைக்கவில்லை. மூணு பேர்தானே, சொன்னாப் போச்சு என்றாள். அகப்பைக் காம்பால் சுவரில் தட்டினால் வந்துவிடுவதாகப் பேச்சு. துண்டு எங்கே, சுரூபம் எங்கே, தீப்பெட்டி எங்கே என்பதெல்லாம் காட்டியாயிற்று. பிறகு பேர்களைச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"மொதல்ல சேசு. அப்புறம் மரி. அப்புறம்..." சவரியம்மா நிறுத்தினாள்.

"அப்புறம்?"

"அவங்க பேரு."

"எவங்க பேரு?" மணியம்மாவுக்குத் தெரியும். வேண்டுமென்றே கேட்டாள்.

"அதான்டி, தங்கராஜு அப்பா பேரு."

"அந்த மனுசன் போயிப் பத்து வருசம் ஆச்சு, இன்னுமா வாய் வரல? இதுக்குத்தான் ஆள் வெக்கிறியாக்கும்."

அது நிஜம். கட்டின நாளிலிருந்து ஜெபத்தில்கூட அந்த மூன்றாவது பேரை அவள் வாய்க்குள்தான் சொல்லிவந்தாள். சாகிறவர்கள் காதில் சொல்லும்போது மட்டும், வேறு வழியில்லாமல், மூச்சுக் காற்றாக ஊதிவிடுவாள். இருவரும் சிரித்தார்கள். மணியம்மா மூன்று பேரையும் சந்தையில் விலை சொல்வதுபோலச் சத்தமாகச் சொல்லிக் காட்டினாள். சவரியம்மாவுக்குக் கொஞ்சம் நிம்மதி வந்தது. அந்தத் தைரியத்தில் மிச்சத்தையும் சொன்னாள்.

"வாயில பால் ஊத்தக் கூடாது மணி. தண்ணி போதும்."

"ஏன், பாலு உங்க சாமிக்கு ஆவாதா? துரைமாருங்க தேத்தண்ணியில ஊத்திக் குடிக்கிறாங்கல்ல."

"ஊத்தாதன்னா ஊத்தாத. அப்புறம்..." அவள் மேசைத் துண்டின் ஓரத்தைத் திருகினாள். "திருநீறு வெக்கக் கூடாது."

மணியம்மா வாசலுக்குப் போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தாள். உட்காரவில்லை. சுவரில் சாய்ந்து நின்றபடி பேசினாள். குரலில் கோபம் இல்லை, அதுதான் சவரியம்மாவைப் பயமுறுத்தியது.

"அன்னிக்கு எனக்கு வேற என்னா தெரியும் சவரி? கண்ணு ரெண்டும் மேல போவுது. எங் கையைப் புடிச்சிக்கிட்டு விடமாட்டேங்குறாங்க. பயந்துட்டாங்க. ஆம்பள அப்படிப் பயந்து நான் பாத்ததில்ல. துண்ணூறு வெச்சேன். அப்பவும் பிடி விடல. காதுகிட்ட குனிஞ்சு முருகா முருகான்னு சொன்னேன். அப்பத்தான் கை தளந்துச்சு."

நெற்றியைப் பற்றிச் சவரியம்மாவுக்குத் தெரியும். காதைப் பற்றித் தெரியாது. இத்தனை வருஷமும் அந்தக் காது வெறுமனே இருந்தது என்றுதான் நினைத்து அழுதுகொண்டிருந்தாள். நெற்றியைத் துடைக்க முந்தானை இருந்தது. காதை எதைக் கொண்டு துடைப்பது?

அன்றிலிருந்து சுவருக்கு மேலே பேச்சு நின்றது. மணியம்மா இருமினால் சவரியம்மா கேட்காததுபோல் இருந்தாள். சவரியம்மா ஜெபமாலை சொல்லும்போது அந்தப் பக்கம் பாத்திரம் உருளும். குழாயடியில் ஒருத்தி வந்தால் மற்றவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாள். ருக்குமணி இரண்டு பக்கமும் போய்த் துருவிப் பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை.

மறு மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சவரியம்மா தன் பாவத்தை விட்டுவிட்டு இதைத்தான் சொன்னாள். பயந்த மனுஷனுக்கு ஆறுதல் சொன்னது பாவம் ஆகாதம்மா என்றார் சாமியார்.

"அது சொன்னவளுக்குச் சாமி. கேட்டவங்களுக்கு?"

சாமியார் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். ஆண்டவருடைய இரக்கம் நாம் சொல்கிற பேருக்குள் அடங்கியது இல்லை என்றார். செத்த பிறகு பாவம் கழிய உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக ஜெபம் சொல்லச் சொன்னார். அவள் சொன்னாள். சொல்லச் சொல்ல அவன் எங்கே இருக்கிறான் என்பது இன்னும் கலங்கலாகத்தான் தெரிந்தது. தெளிவாகத் தெரிந்தது ஒன்றுதான். அவனுக்கு வந்த நாள் தனக்கும் வரும், வருகிறபோது பக்கத்தில் யாருமே இல்லாமல் இருப்பது அதைவிட மோசம்.

கோபத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. ஒரு நாள் அவளே கொஞ்சம் அவித்த மரவள்ளியைத் தட்டில் வைத்துச் சுவருக்கு மேலே நீட்டினாள். ஒரு கை வந்து வாங்கிக்கொண்டது. சற்றுப் பொறுத்து, அந்தப் பக்கத்திலிருந்து மணியம்மா, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, சேசு, மரி, சூசை என்றாள். பேர் மறக்கவில்லை என்று அர்த்தம்.

அக்டோபரில் அடைமழை பிடித்தது. ஒரு மத்தியானம் மழையால் வேலையைப் பாதியில் நிறுத்தி ஆட்களை அனுப்பிவிட்டார்கள். சவரியம்மா ஈரச் சாக்கை உதறி மாட்டிவிட்டு, அரிசி களைந்துகொண்டிருந்தாள். நெஞ்சுக்கு நடுவில் யாரோ அம்மிக்கல்லை இறக்கி வைத்தார்கள். இடது தோளிலிருந்து விரல்வரை மரத்தது. மாத்திரைப் புட்டி மேல் பலகையில் இருந்தது. கை அதுவரை ஏறவில்லை. அரிசிச் சட்டி கவிழ்ந்து, தண்ணீர் அடுப்படிவரை ஓடியது.

தவழ்ந்துபோய் அகப்பையை எடுத்துச் சுவரில் தட்டினாள். கூரைத் தகரத்தில் மழை இரைந்த இரைச்சலில் தட்டின சத்தம் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி தட்டினாள். அந்தப் பக்கம் அசைவில்லை. மணியம்மா ஆலையிலிருந்து திரும்பியிருக்க மாட்டாள். சவரியம்மா சுவரில் முதுகைச் சாய்த்து பாவத்துக்கு வருந்துகிற மனஸ்தாப மந்திரத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுத்த மந்திரம். சர்வேசுரா சுவாமி என்ற முதல் வார்த்தையோடு அது நின்றுவிட்டது. அடுத்து என்ன? அடுத்து என்ன? வீடு முழுவதும் தேடியும் ஒரு வார்த்தை அகப்படவில்லை. கடைசியில் இதுதானா, இப்படி வெறும் பயமாகவே போய்விடுவதா என்று நினைத்தபோது, திறந்த வாய் திறந்தபடி இருக்க, அவள் அகப்பையைச் சுவரில் இழுத்துக்கொண்டே இருந்தாள்.

கதவு திறந்து ஈரமும் வெற்றிலை நெடியும் உள்ளே வந்தன.

மணியம்மா பலகையில் கையை விட்டு மாத்திரையை எடுத்து நாக்குக்கு அடியில் வைத்தாள். வாசலில் நின்று, டிரசரைக் கூட்டிவரச் சொல்லி ருக்குமணி வீட்டுக்கு ஒரு குரல் கொடுத்தாள். பிறகு பெட்டியை இழுத்தாள். துண்டை விரித்தாள். சுரூபத்தை நிறுத்தினாள். தீக்குச்சி நமுத்துப்போய் ஒன்று, இரண்டு என்று வீணாகி, கடைசியில் பற்றியது. மெழுகுவர்த்தியைச் சவரியம்மாவின் கையில் வைத்துத் தன் கையால் மூடிப் பிடித்துக்கொண்டாள். காதோடு வாயை வைத்தாள்.

"சேசு, மரி, சூசை. சேசு, மரி, சூசை."

குச்சி பொறுக்குகிறவளின் முரட்டுக் குரல். இடையில் ஒரு தடவை மரியையும் சூசையையும் மாற்றிப்போட்டு, சீச்சீ என்று சொல்லித் திருத்திக்கொண்டாள். சவரியம்மா அந்தக் குரலைக் கயிற்றைப்போல் பிடித்துக்கொண்டாள். அம்மிக்கல் இறங்கவில்லை. ஆனால் இருட்டுக்குள் ஒரு கை அகப்பட்டிருந்தது. பால் வரவில்லை. திருநீறு வரவில்லை. சொன்னபடியே எல்லாம் நடந்தது.

பிறகு கல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

டிரசர் குடையோடு வந்து பார்த்தார். இந்தத் தடவை தப்பித்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு, காலையில் தோட்டத்து லோரியில் ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதாகச் சொன்னார். எட்டிப் பார்த்த கூட்டமும் கலைந்தது. மெழுகுவர்த்தி எரிவதைப் பார்த்துப் போன ருக்குமணி அன்றைக்கு ஒரு வேடிக்கையும் சொல்லவில்லை.

மணியம்மா சிந்தின அரிசியைக் கூட்டி அள்ளினாள். சவரியம்மா கட்டிலில் சுவரோரம் தலை வைத்துப் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்த கதவுக்கு வெளியே, வாசற்படியில் ஒரு டம்ளர் இருந்தது. பால். ஓடி வரும்போது, சாகிற வாயில் பால் ஊற்றுகிற பழக்கத்தில் கையில் எடுத்து வந்திருக்கிறாள். வாசலில் ஞாபகம் வந்து வெளியிலேயே வைத்துவிட்டு உள்ளே வந்திருக்கிறாள். கூரைத் தாவாரத்திலிருந்து மழைத்தண்ணீர் சொட்டுச் சொட்டாக அதில் விழுந்துகொண்டிருந்தது.

மணியம்மா மெழுகுவர்த்தியை அணைத்தாள். பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தாள். சுரூபத்தை வைத்தாள். துண்டில் சிந்தியிருந்த மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டே, நிமிராமல் பேசினாள்.

"எனக்கும் உன் வயசுதான் சவரி. எனக்குத் தங்கராஜும் இல்ல, லோரியும் இல்ல. எனக்கு ஒண்ணுன்னா நானும் இந்தச் சுவரைத்தான் தட்டணும்."

சவரியம்மா வருகிறேன் என்று தலையசைத்தாள்.

"வருவ, தெரியும். வந்து?" மணியம்மா இப்போது நிமிர்ந்தாள். "உனக்கு மூணு பேரு சொன்னேன். எனக்கு ஒண்ணுதான். முருகான்னு எங் காதுல சொல்லுவியா?"

சவரியம்மா வாயைத் திறந்தாள். நாக்குக்கு அடியில் மாத்திரையின் கசப்பு இன்னும் இருந்தது. சொல்கிறேன் என்று சொல்லிவிடலாம். சொன்னால், இத்தனை வருஷம் பூஞ்சணம் படாமல் காத்துவைத்த நல்ல சாவை, வேறு ஒரு பேரை வாயால் சொல்லித் தன் கையாலேயே தள்ளிவிடுவதாகும். சொல்லமாட்டேன் என்றால், நாளைக்குச் சுவரைத் தட்டும்போது யார் வருவார்கள்? பொய்யாகச் சொல்லிவைக்கலாம் என்றால், பொய்யைச் சொல்லிவிட்டுத் தூங்குகிற நிலையிலா இருக்கிறாள், இன்றைக்கே மறுபடி வந்துவிட்டால்? புருஷனின் கை தளர்ந்தது ஞாபகம் வந்தது. அவன் பிடி விட்டது பயம் தீர்ந்தா, உயிர் தீர்ந்தா? கேட்டால் மணியம்மா சொல்வாள். கேட்கவும் பயமாக இருந்தது.

மணியம்மா துண்டை நாலாக மடித்துக்கொண்டு காத்திருந்தாள். மழை கொஞ்சம் குறைந்திருந்தது. மடித்த துண்டைப் பிரித்து மறுபடி மடித்தாள். பெட்டிக்குள் வைத்து, மூடியை அழுத்திச் சாத்தி, கட்டிலுக்கு அடியில் காலால் தள்ளினாள். சவரியம்மாவின் முகத்தை இன்னொரு தடவை பார்த்தாள். மாத்திரைப் புட்டியை மேல் பலகையிலிருந்து எடுத்து, கை எட்டுகிற இடத்தில், தலைமாட்டில் வைத்தாள். அகப்பையையும் அதன் பக்கத்தில் வைத்தாள்.

வாசற்படியில் குனிந்து, மழை விழுந்து நீர்த்துப்போன பால் டம்ளரை எடுத்துக்கொண்டு, வெளியே போனாள்.